வயதையும் சேர்த்துக் கணக்குப் போடு

அன்புள்ள கயல்,

29 வயதில் 10 கிலோமீட்டரை 48 நிமிடத்தில் ஓடினேன், இப்போது 47-ல் 50 நிமிடம் ஆகிறது, இனிமேல் போட்டி எதற்கு அம்மா என்று போனில் கேட்டாய். அதே நினைப்பாகவே இருக்கிறேன். உடற்கல்வி ஆசிரியையாக மாவட்டப் போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நின்றவள் நான். அங்கே 14 வயதுக்கு உட்பட்டோர், 17, 19 என்று பிரித்துத்தான் ஓடவிடுவோம். ஏறும் வயதுக்குக் காட்டும் நியாயத்தை இறங்கும் வயதுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

மூத்தோர் தடகளத்தில் இதற்கென்றே அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு வயதுக்கும் தூரத்துக்கும், ஆண் பெண் தனித்தனியாக, உலகின் மிகச் சிறந்த ஓட்டங்களை வைத்து ஓர் அளவு நேரம் போட்டிருப்பார்கள். அதை ஓடியவரின் நேரத்தால் வகுத்தால் சதவீதம் வரும். அளவு 36 நிமிடம், ஓடியது 60 நிமிடம் என்றால் 60 சதவீதம். 80-ஐத் தொட்டாலே தேசியத் தரம் என்பார்கள். உன் இரண்டு ஓட்டங்களையும் போட்டுப் பார்த்தேன். இப்போது ஓடிய 50-க்குத்தான் சதவீதம் கூட வருகிறது, கயல்!

நீ இருக்கும் டொராண்டோவிலேயே எட் விட்லாக் என்பவர் 2004-ல், 73 வயதில், மாரத்தானை 2:54:48-ல் முடித்தார். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இளைஞர்கள் பலர் ஓடும் நேரம்தான். வயதைச் சேர்த்தால், ஓர் இளைஞர் ஏறக்குறைய 2 மணி 4 நிமிடத்தில் ஓடியதற்குச் சமம். அன்றைய உலகச் சாதனையே 2:04:55! ஜப்பானின் மாரிகோ யுகெட்டாவும் அப்படித்தான். 2021-ல், 62 வயதில், 2:52:13.

அட்டவணையில் குறையும் உண்டு. என் வயதுப் பெண்களில் போட்டிக்கு வந்தவர்களே குறைவு என்பதால், எங்களுக்குப் போட்ட அளவு கொஞ்சம் தாராளம் என்றே நினைக்கிறேன். ஆட்கள் கூடக் கூட சாதனை உயர்கிறது, அட்டவணையையும் திருத்துகிறார்கள். 47 வயதில் அந்தக் கவலை அவ்வளவு இல்லை, உன் வயதில் நிறையப் பேர் ஓடுகிறார்கள். அப்புறம், மேடு, வெயில், எதிர்க்காற்று எதுவும் அதில் சேராது. அதனால் ஒரே பாதையில், ஒரே மாதிரிக் குளிரில் ஓடியவற்றை ஒப்பிடுவதே சரி.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடு. மாப்பிள்ளை எப்போதும் உனக்கு முன்னால் முடிக்கிறார் என்றாயே, அவர் நேரத்தையும் வயதையும் சேர்த்து அனுப்பு. யார் முன்னால் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா