‘நாம்’ என்றால் யார்?

ராலே, வட கரோலைனா
20 ஏப்ரல் 2024

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அந்தக் கடிதத்தில் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது, கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்விதான். ஏப்ரல் 7 ஞாயிறு விடியற்காலையில் உன் மகள் இங்கிருந்து அழைத்து, “நாம் தோற்றுவிட்டோம் அப்பா” என்று அழுதாள் என்றும், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நீ பதறி எழுந்து உட்கார்ந்தபின் அது ஒரு கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் என்று தெரிந்தது என்றும் எழுதியிருக்கிறாய். “போய் எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் அவளுக்கு அங்கே ‘நாம்’ என்றால் யார்?” என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொண்ட காலம் உண்டு என்பதால், எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

நாம் வளர்ந்த இடத்தில் இப்படி ஒரு வழக்கம் இல்லை என்பது உண்மை. விடுதியில் இருந்தபோது கோடை விடுமுறையில் பெரியகுளம் போய், மின்னொளியில் நடந்த கூடைப்பந்து ஆட்டங்களை நள்ளிரவு வரை பார்த்தோமே, அன்று எந்த அணிக்காகத் தொண்டை வற்றக் கத்தினோம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. நாம் படித்த கல்லூரியின் அணி இந்த ஆண்டு வென்றதா என்று நாற்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட நாம் விசாரித்ததில்லை. இங்கேயோ, கல்லூரி வாசலையே மிதிக்காத பால் வண்டிக்காரரும் தமக்கென ஓர் அணி வைத்திருக்கிறார். அதை அவர் தம் தகப்பனாரிடமிருந்து வாங்கியிருக்கிறார்.

ராலே, டர்ஹாம், சேப்பல் ஹில் ஆகிய மூன்று ஊர்களும் சுமார் நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ராலேயில் வட கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகம், அதன் நிறம் சிவப்பு. டர்ஹாமில் டியூக், கருநீலம். சேப்பல் ஹில்லில் வட கரோலைனா பல்கலைக்கழகம், வான்நீலம். 1988 வரை என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் இந்த மாநிலத்துக்கு என்று ஓர் அணி கிடையாது. அந்த ஆசையெல்லாம் கல்லூரி அணிகளின் மேல்தான் இறங்கியது. 1946-இல் எவரெட் கேஸ் என்ற பயிற்சியாளர் இந்தியானா மாநிலத்திலிருந்து ஸ்டேட் கல்லூரிக்கு வந்து, அவரிடம் தோற்ற கல்லூரிகள் அவரை எட்டிப் பிடிக்க ஓடும் பந்தயத்தை மூட்டிவிட்டார். பட்டம் வென்ற அணி ஏணியில் ஏறிக் கூடையின் வலையைக் கத்தரித்துக்கொண்டு போகும் வழக்கம் இங்கே அவரிடமிருந்துதான் தொடங்கியது. அவர் 1966-இல் இறந்தபோது, டர்ஹாமுக்கு ஆடப் போகும் தம் அணிக்குக் கையசைக்க வசதியாக நெடுஞ்சாலையைப் பார்த்தபடி புதைக்கச் சொன்னார் என்று ராலேயில் இன்றும் சொல்வார்கள். 1957-இல் சேப்பல் ஹில் அணி 32 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல், வில்ட் சேம்பர்லின் ஆடிய கான்சாஸ் அணியை மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 54–53 என்று வென்றது. சி. டி. செஸ்லி என்பவர் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சி வழியாக இந்த மாநில வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். அந்த இரவுக்குப் பின் இது விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை.

இவையெல்லாம் வரலாறு. வரலாறு தெரிந்ததால் ஒருவன் ரசிகனாவதில்லை. நான் ஆன விதத்தைச் சொல்கிறேன்.

1995-இல் நான் இங்கே வந்து சேர்ந்தது ஒரு நூற்பாலையில் என்பது உனக்குத் தெரியும். ஸ்பின்னிங் பகுதியின் மேலாளர் ஐம்பத்தைந்து வயதுப் பெரியவர். ஸ்டேட் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். நானும் கோயம்புத்தூரில் அதையே படித்தவன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்த அணி?” என்பதுதான். எந்த அணியும் இல்லை என்றேன். சாமி கும்பிடாதவனைப் பார்ப்பதுபோல் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார்.

அந்த வீட்டின் பின்னறை இன்றும் என் கண்முன் இருக்கிறது. தொலைக்காட்சியில் படம் மட்டும் ஓடும், ஒலி இருக்காது. பக்கத்தில் முக்காலியில் வைத்த வானொலிப் பெட்டிதான் பேசும். வெளியூர் வர்ணனையாளருக்கு நம் வலி தெரியாது என்பது அவர் கட்சி. நடுவில் ஓர் அலுமினியப் பாத்திரம் நிறைய அவித்த கடலைக்காய். நண்பா, அமெரிக்காவில் உப்புப் போட்டு அவித்த கடலைக்காயை எதிர்பார்த்தா நான் போனேன்? தோலை உரித்ததும் விரலில் வழிந்த அந்த உப்புத் தண்ணீரின் சுவையில் எனக்கு உக்கடம் சந்தை வாசல் நினைவு வந்தது. அன்று நான் விளக்கின் ஓரமாக இருந்த மரநாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் அணி அடுத்தடுத்து மூன்று கூடைகள் போட்டது. அதோடு அது என் நாற்காலியாகிவிட்டது. பிறகு ஆட்டம் நெருக்கடியாகும்போதெல்லாம், தண்ணீர் குடிக்கக்கூட என்னை எழவிடமாட்டார். ராசி என்ற சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். அவர் வாயில் அது ‘ராஷி’ ஆனது. இதை அவருடைய தனிப்பழக்கம் என்று எண்ணிவிடாதே. சேப்பல் ஹில் அணிக்கு 1971 முதல் 2011 வரை வானொலி வர்ணனை செய்த வுடி டர்ஹாம், ஆட்டம் ஊசலாடும் கட்டங்களில், எங்கே போய் என்ன செய்வது உங்கள் வழக்கமோ அங்கே போய் அதைச் செய்யுங்கள் என்று கேட்பவர்களிடம் சொல்வார். மாநிலமெங்கும் ஆட்கள் எழுந்து தத்தம் ராசியான மூலைக்குப் போவார்கள்.

பெரியவர் எப்போதும் ‘வீ’ என்றுதான் பேசுவார். நாங்கள் இப்படி ஆடினோம், எங்களுக்கு இந்த ஆண்டு உயரமான ஆள் இல்லை என்பார். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் கேட்பவன் உண்டா இல்லையா என்பது தெரியாது. நான் அதை ‘நாங்கள்’ என்றே கேட்டுக்கொண்டேன். அது அவருடைய கல்லூரி, அவருடைய சிவப்பு. நான் கடலைக்காய் தின்ன வந்த விருந்தாளி.

அந்த ஆண்டுகளில் ஸ்டேட் அணி மிகவும் நொந்து கிடந்தது. 1991-க்குப் பிறகு தேசியப் போட்டிக்கு அழைப்பே வரவில்லை. 1997 மார்ச்சில் கிரீன்ஸ்பரோ நகரில் நடந்த மாநாட்டுப் போட்டியில் (இந்த வட்டாரக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பைத்தான் இங்கே ‘கான்ஃபரன்ஸ்’, மாநாடு, என்பார்கள்) எட்டாம் இடத்து அணியாக நுழைந்து, அடுத்தடுத்த நாட்களில் மூன்று ஆட்டங்களை வென்றது. அவற்றுள் ஒன்று முதலிடத்தில் இருந்த டியூக்குக்கு எதிரானது. நான்காம் நாள் இறுதியாட்டத்தில் சேப்பல் ஹில்லிடம் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பெரியவர் வானொலியை அணைத்தார். ஒன்றும் பேசாமல், பாத்திரத்தின் அடியில் கிடந்த தோல்களைக் கையால் கூட்டி ஒரு காகிதப் பையில் போட்டார். அவர் கை லேசாக நடுங்கியது. பிறகு என்னைப் பார்த்து, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொன்ன ‘வீ’ என் காதில் ‘நாம்’ என்று விழுந்தது. வீட்டுக்கு வந்தேன், சோறு இறங்கவில்லை, ஊரிலிருந்து ஏதாவது கெட்ட செய்தியா என்று என் மனைவி கேட்டாள். வாழ்நாள் ரசிகர்கள் வெற்றியில் உண்டாவதாகப் பலர் நினைக்கிறார்கள். வெற்றிக்குத் தெருவே திரண்டு வரும், மறுநாள் கலைந்துவிடும். தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு எவரோடு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தோமோ, அவருடைய அணி நம்மை விடாது என்பதுதான் நான் கண்டது.

அதற்கடுத்த இரண்டு குளிர்காலங்களில் அவர் என்னை ஸ்டேட் அணி ஆடிய பழைய ரெனால்ட்ஸ் அரங்கத்துக்கு அழைத்துப் போனார். இடுக்கமான இருக்கைகள், வெக்கை, கூரையடியில் கூட்டத்தின் சத்தத்துக்கேற்ப ஒன்றன்மேல் ஒன்றாக எரியும் விளக்குகள். 1983-இன் கதையை அங்கேதான் சொன்னார். அந்த ஆண்டு பத்து ஆட்டங்களில் தோற்றிருந்த ஸ்டேட் அணி, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஒலாஜுவானும் டிரெக்ஸ்லரும் ஆடிய ஹியூஸ்டனைத் தேசிய இறுதியாட்டத்தில் எதிர்கொண்டது. கடைசி நொடிகளில் ஸ்டேட் அணியின் விட்டன்பர்க் தொலைவிலிருந்து எறிந்த பந்து கூடைக்கு எட்டாமல் விழ, அதை லொரென்சோ சார்லஸ் காற்றிலேயே பிடித்து உள்ளே அமுக்க, 54–52 என்று பட்டம் வந்தது. பயிற்சியாளர் ஜிம் வால்வானோ கட்டிப்பிடிக்க ஆள் தேடி மைதானம் முழுக்க ஓடினார். பத்தாண்டு கழித்து அவர் புற்றுநோயில் போனார், வயது 47. 2011 ஜூனில் சார்லஸும் ராலேயில் தாம் ஓட்டிய பேருந்து விபத்துக்குள்ளாகி இறந்தார், அவருக்கும் 47. அந்தச் செய்தி வந்த மாலை பெரியவர் என்னை அழைத்து, வெகுநேரம் எதையும் சொல்லாமல் இணைப்பிலேயே இருந்தார். அதற்குள் ஆலை மூடி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன; எங்கள் இருவரையும் ஒன்றாக வைத்திருந்தது இந்த அணி ஒன்றுதான்.

என் மகளோ வான்நீலம். இரண்டாம் வகுப்பில், மாநாட்டுப் போட்டி நடக்கும் வெள்ளிக்கிழமை மதியம், ஆசிரியை தொலைக்காட்சியைத் தள்ளுவண்டியில் வகுப்புக்குள் உருட்டிக்கொண்டு வந்தாராம். இந்த மாநிலத்துப் பள்ளிகளில் அது வெகுகாலப் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்த தோழி எந்த அணிக்குக் கைதட்டினாளோ அதற்கே இவளும் தட்டிவிட்டு வந்தாள்; இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியும் மாறவில்லை.

பெரியவர் 2019-இல் இறந்தார். ஆகையால் இந்த மார்ச் மாதத்தை அவர் பார்க்கவில்லை. வழக்கமான ஆட்டங்களில் கடைசி நான்கையும் தோற்று, பத்தாம் இடத்து அணியாக மாநாட்டுப் போட்டிக்கு வாஷிங்டன் போன ஸ்டேட், செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாட்களில் ஐந்து ஆட்டங்களை வென்றது. நான் அவர் மனைவியின் வீட்டுக்குப் போய்விட்டேன். எண்பது வயதிலும் அவரே கடலைக்காய் அவித்தார். வெள்ளிக்கிழமை வர்ஜீனியாவுக்கு எதிராக மூன்று புள்ளி பின்தங்கி, நேரம் முடியும் அந்த நொடியில் மைக்கேல் ஓ’கானல் எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்தின் மேல் உருண்டு, உள்ளே விழுந்தது. அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் தழும்பு பதிந்துவிட்டது. மறுநாள் சேப்பல் ஹில்லை 84–76 என்று வென்று, 1987-க்குப் பிறகு முதல் மாநாட்டுப் பட்டம். என் மகள் சிகாகோவிலிருந்து அழைத்து, “வாழ்த்துகள் அப்பா, தாத்தாவின் நாற்காலியைத் தொட்டுச் சொல்லுங்கள்” என்றாள். அவரைத்தான் அவள் தாத்தா என்பாள். மார்ச் 31 அன்று டியூக்கை 76–64 என்று வென்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய அரையிறுதிக்குப் போனோம். அன்றிரவு சிவப்பாக ஒளிர்ந்த மணிக்கூண்டின் அடியில் நின்ற கூட்டத்தில் உன் மகளும் இருந்தாள். ஆறு நாள் கழித்து பர்டியூவிடம் 63–50 என்று தோற்றபோதுதான் உன்னை அழைத்திருக்கிறாள்.

நீ இன்னொன்றும் கேட்டிருந்தாய்: ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது எதைப் பற்றிக்கொண்டு ஒருவர் ஐம்பது ஆண்டு காத்திருக்க முடியும்? முன்பாவது நான்கு ஆண்டுகள் இருந்தார்கள். 2021 முதல் அவர்கள் தம் பெயரால் பணம் ஈட்டலாம். ஓராண்டு இங்கே, மறு ஆண்டு வேறிடம் என்று போகலாம். ஓ’கானல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து இந்த ஆண்டுதான் வந்தவர். இது எனக்கு வருத்தம் தருவதுதான், மறைக்க மாட்டேன்; ஒரு பையன் முதலாண்டில் தடுமாறி நான்காம் ஆண்டில் தேறுவதைப் பார்க்கும் நிறைவு குறைந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பந்து உருண்ட வேளையில் எறிந்தவர் எப்போது வந்தவர் என்று எங்கள் அறையில் யாரும் நினைக்கவில்லை. அந்த அம்மா கணவரின் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டார்.

உன் மகளிடம் பேசினேன். பர்டியூ ஆட்டத்தை அவள் நான்கு வெளிநாட்டு மாணவிகளோடு அறையில் பார்த்தாளாம். முடிந்தபின் விளக்கைப் போடக்கூட யாரும் எழவில்லை என்றாள். வரும் நவம்பரில் புதிய பருவம் தொடங்கும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு பெரியவரின் மனைவி வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இங்கே மாலை ஏழு மணி ஆட்டம் என்றால் உனக்குக் காலை ஐந்தரை. நடைப்பயிற்சிக்கு எப்படியும் எழுகிறாய். கிளம்புமுன் கைபேசியில் எங்களோடு சற்று நேரம் இருந்துவிட்டுப் போ.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

உன் விடுதி அறைத் தோழன்