யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரைக் கேட்டோமா?

மதுரை, பசுமலை, திருமங்கலம் வட்டாரத்துச் சபைகளின் குருசேகரக் கமிட்டியாருக்கும், பெண்கள் ஐக்கியத்து அக்காமாருக்கும், வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிற எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களான லெந்து நாட்கள் வரப்போகின்றன. தெருவுக்குத் தெரு வீட்டு ஜெபம் தொடங்கும் முன் ஒரு காரியத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்ட வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். எந்தச் சபை, எந்தத் தெரு என்று தயவுசெய்து விசாரிக்காதீர்கள்.

ஒரு பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் கட்டுப்பட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. படித்தாள், வேலைக்குப் போகிறாள். வரன் அமைந்தபோது மாப்பிள்ளையிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவரும் மனதார ஒத்துக்கொண்டார். வீட்டில் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கேட்டார். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. அந்தச் சமயத்தில் ஒரு வீட்டு ஜெபத்தில், சபையில் எல்லாரும் மதிக்கிற ஒரு அம்மா ஜெபக்குறிப்பு சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், பாவம். கல்யாணம் நல்லபடியா நடக்கணும். பாரத்தோட ஜெபிச்சுக்குங்க."

அன்று ராத்திரியே அது வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைகளின் படத்தோடு வந்தது. நம் பக்கத்துச் சபைகளில் யாரும் யாருக்கும் அந்நியம் இல்லை. ஆரப்பாளையத்தில் சொன்னதை திருமங்கலத்தில் ஒரு சித்தியோ மதினியோ கேட்டுவிடுவார். மாப்பிள்ளையின் பெற்றோருக்கு மகன் வாயால் வர வேண்டிய செய்தி ஊர் வாயால் வந்தது. மறைத்து ஏமாற்றப் பார்த்தார்கள் என்று நினைத்துவிட்டார்கள். நிச்சயம் நின்றுபோனது.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. உடம்பு சரியில்லாத எத்தனையோ வீடுகளுக்குக் கஞ்சி கொண்டுபோனவர். "நான் ஜெபிக்கத்தானே சொன்னேன்?" என்று கேட்டார். உண்மையிலேயே ஜெபிக்கத்தான் சொன்னார் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கெட்ட எண்ணத்தோடு செய்தால் கண்டிக்க நமக்குத் தெரியும். நல்ல எண்ணத்தோடு ஒருவரை முறித்துப் போட்டால் என்ன செய்வது என்று நம் சபைகளுக்குத் தெரியவில்லை. "மனசறிஞ்சு செய்யலையே" என்பதோடு காரியம் முடிந்துபோகிறது. அறியாமையினால் செய்த பாவத்துக்கும் லேவியராகமம் 4ஆம் அதிகாரம் பலி கேட்கிறது. தெரியாமல் மிதித்தாலும் மிதிபட்டவருக்கு வலிக்கும் என்று அந்தப் பழைய சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

பூரண வயது என்றால் என்ன என்று எபிரெயர் 5:14 சொல்கிறது: நன்மை தீமை இன்னதென்று பகுத்தறியப் பழகிய ஞானேந்திரியங்கள் உள்ளவர்கள். சபைக்கு வந்து எத்தனை வருடம், எத்தனை வசனம் மனப்பாடம் என்ற கணக்கே அங்கு இல்லை. பழக வேண்டும் என்கிறது. நான் சொன்ன சொல் போய் விழுந்த இடத்தில் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அதில் முதன்மையானது என்பேன்.

இந்த மண்ணில் அப்படி ஒரு கேள்வியைச் சபை முன்பே கேட்டிருக்கிறது. 1834ல் இங்கு வந்த அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விடாதவர் சபையில் அங்கத்தினராக இருக்க முடியாது என்று 1847ல் தீர்மானித்தது. இணங்காதவர்களை, உபதேசியார்கள் உட்பட, விலக்கியது. விலக்கிய விதம் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனால், அடுத்தவரை நீ எப்படி நடத்துகிறாய் என்று விசுவாசியைப் பார்த்துக் கேட்டது சரி. (இன்றும் வரன் பார்க்கும்போது "என்ன ஆளுங்க?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.)

வியாதிக்காரரை இயேசு எப்படி நடத்தினார் என்று மாற்கு சுவிசேஷத்தில் பாருங்கள். காது கேளாதவனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போனார். பெத்சாயிதாவில் பார்வையற்றவனைக் கைபிடித்துக் கிராமத்துக்கு வெளியே கூட்டிப் போனார். மகளை இழந்த யவீருவின் வீட்டில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரும் மூன்று சீஷரும் மட்டும் இருக்கத்தான் அந்தச் சிறுபெண்ணின் கையைத் தொட்டார். வலிப்பு வந்து விழுகிற பையனிடம் வரும்போது, ஜனங்கள் கூட்டமாய் ஓடிவருகிறதைக் கண்டு அவர் கட்டளையிட்டார் என்று 9:25 சொல்கிறது. கூட்டம் சூழும் முன்பே அவனை விடுவிக்க நினைத்தார் என்றே நான் வாசிக்கிறேன். நாமோ கூட்டத்தைக் கூட்டிவிட்டு அப்புறம் ஜெபிக்கிறோம்.

வலிப்பும் மற்ற நோய்களைப் போல ஒரு நோய். ஒழுங்காக மருந்து எடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்திருந்த வலிப்பை 1999ல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. சபையில் இன்னும் அதைக் குசுகுசுவென்று பேசுகிறோம், சில இடங்களில் பிசாசு என்றும் சொல்கிறோம்.

பிறகு, அப்பமும் திராட்சரசமும் பெறுகிற ஒரு திருவிருந்து ஞாயிறு. நம் தென்னிந்தியத் திருச்சபைக்கென்று 1950ல் உருவான ஆராதனை முறையில், காணிக்கை படைக்கும் முன் சமாதானம் கொடுக்கிறோம். ஒருவர் கூப்பிய கைகளை அடுத்தவர் தன் கைகளுக்குள் வாங்கி, வரிசை வரிசையாகக் கடத்துகிறோம். அன்று அந்தப் பெண்ணின் தாய்க்குப் பக்கத்தில், அந்த ஜெபக்குறிப்பு சொன்ன அம்மா நின்றார். தாய் கையை வாங்கினார், அடுத்தவருக்குக் கொடுத்தார். காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் பையை எடுத்துக்கொண்டு பக்க வாசல் வழியாக வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை.

பார்க்கப் போன சபையார் என்ன சொன்னார்கள் தெரியுமா? "மன்னிச்சு விட்டுருங்கம்மா, ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்காரே." அந்த வசனம் காயப்பட்டவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டியது. காயப்படுத்தியவருக்கு வேறு வசனம் இருக்கிறது, மத்தேயு 5:23, 24: உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைவு உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ. போக வேண்டிய ஆள் உட்கார்ந்திருக்க, அழுகிறவரிடம் வசனம் சொல்லிவிட்டு வருகிறோம். பொது பாவ அறிக்கையும் அப்படித்தான் ஆகிவிட்டது. எல்லாரும் சேர்ந்து சொல்லிவிடுகிறோம், யாருக்கும் யார் முகமும் ஞாபகம் வருவதில்லை.

ஆயக்காரனாகிய சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். எண்ணாகமம் 5:7 பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. பேச்சை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். முழுவதும் முடியாது. ஆனால் எந்த ஜெபக்கூட்டத்தில் சொல்லப்பட்டதோ அதே கூட்டத்தில் எழும்பி, "அந்த வீட்டாரைக் கேட்காமல் சொன்னேன், தப்பு" என்று சொல்லலாம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பெண் எதையும் மறைக்கவில்லை என்று சாட்சி சொல்லலாம், அதுவும் அந்தப் பெண் சம்மதித்தால் மட்டும். நிச்சயத்துக்கு ஆன செலவில் பங்கெடுக்கலாம்.

கமிட்டியாரே, லெந்து கூட்டங்களுக்கு அட்டவணை போடும்போது இதையும் முடிவு செய்யுங்கள்: சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் வியாதியோ குடும்பப் பிரச்சினையோ ஜெபக்குறிப்பாக வரக் கூடாது, வாட்ஸ்அப்பில் கண்டிப்பாகக் கூடாது. சம்மதம் இல்லையென்றால் பெயர் சொல்லாமல் ஜெபிக்கலாம், தேவனுக்கு ஆள் தெரியும். திருவிருந்தில் சேர ஆயத்தம் செய்கிற திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் சபையிலும் இப்படி வராமல் நின்றுபோன ஒரு வீடு இருக்கும். அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்குள் அந்த வீட்டுக்கு யார் போவது என்று அந்தக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துவிட்டு, அடுத்த பொருளுக்குப் போங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை,
மதுரை