டேங்குக்குள் இருக்கும் பம்ப்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டலாம் என்று பெருமையாகச் சொல்லும் கார் உரிமையாளர்களைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

இன்றைய பெட்ரோல் கார்களில் மின்சார எரிபொருள் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. அந்தப் பெட்ரோல் பெரும்பாலும் மோட்டாரின் ஊடாகவே பாய்ந்து, அதன் சூட்டைத் தணித்து, உராய்வையும் குறைத்துவிட்டு, பல கார்களில் சுமார் 3 முதல் 4 பார் அழுத்தத்தில், என்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குச் செல்கிறது. மோட்டாரில் பொறி பறந்தால் தீப்பிடிக்காதா என்பார்கள். எரிவதற்குப் போதுமான காற்று அதனுள் இல்லை. ஆனால் டேங்க் வற்ற வற்ற பம்ப் சூடாகிறது, வறண்டு ஓடினால் விரைவில் தேய்கிறது.

அம்பாசடர் காலத்தில் பம்ப் என்ஜினோடு ஒட்டியிருந்ததால், கோடையில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஈரத்துணி சுற்றித்தான் கிளப்புவோம். அந்தத் தொல்லை இப்போது அநேகமாக இல்லை.

சாவியைத் திருப்பியதும் பல கார்களில் பின்னிருக்கைப் பக்கமிருந்து ஏறக்குறைய 2 விநாடிகள் இந்தப் பம்பின் மெல்லிய ரீங்காரம் கேட்கும். வழக்கமாகக் கேட்கும் அந்த ஓசை நின்று, வண்டியும் கிளம்பாவிட்டால், பம்பை மாற்றச் சம்மதிப்பதற்கு முன் ஃபியூஸையும், பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயையும் சோதிக்கும்படி வாசகர்கள் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். சில நூறு ரூபாய் ரிலேக்காகப் பல ஆயிரம் ரூபாய் பம்பை மாற்றிய வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
திருச்சி.