ஞாயிறு நடை: கூடவே லிம் கிம் சான் கதை

வணக்கம் மக்களே. ஞாயிறு காலை 7:30க்கு தியோங் பாரு எம்ஆர்டி (ரயில்) நிலைய வாசலில் கூடுகிறோம், அங்கிருந்து புக்கிட் ஹோ சுவீ புளோக்குகள் வரை நடை. போன வாரம் குழுவில் ஒருவர், சிங்கப்பூரில் அரசு வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு (வீவக) தலைவராக வருபவர் பொறியாளராகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார், எனக்கு அதில் உடன்பாடில்லை. 1960-இல் வீவக-வின் முதல் தலைவரான லிம் கிம் சான் வியாபாரி, சவ்வரிசி தயாரிக்கும் இயந்திரம் வடிவமைத்தவர், மூன்று வருடம் சம்பளமே வாங்காமல் வேலை பார்த்தார். சைனாடவுனில் ஒண்டுக்குடித்தனங்களைப் பார்க்கப் போனபோது ஒருவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டால், இருக்கிற ஒரே கால்சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டு போய்விட்டானாம்!

வீவக-வுக்கு முன்பு வீடு கட்டிவந்த அமைப்பு 32 வருடத்தில் கட்டியது சுமார் 23,000 வீடுகள், இவர் காலத்தில் மூன்று வருடத்துக்குள் 21,000. நடுவில் 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ தீ வேறு, சுமார் 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். அந்த இடத்தில்தான் நடக்கப் போகிறோம்.

சரி, வருகிறவர்கள் சனி இரவுக்குள் பெயர் போடுங்கள். குடையும் தண்ணீரும் அவரவர் பொறுப்பு.