அந்தப் புட்டியை வாங்குவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. விபத்து நடந்து இரண்டு வருடமாகியும், பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டால் கை வெலவெலத்துப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். பார்த்தபோதெல்லாம் சிரித்துச் சமாளித்தாயே, கள்ளா.

சிபிடி எண்ணெய் வாங்கலாமா என்று கேட்கிறாய். சிபிடி என்றால் கன்னாபிடியால், கஞ்சாச் செடியில் இருப்பதுதான். ஆனால் போதை தருவது அதே செடியிலுள்ள டிஎச்சி என்ற பொருள், இது அல்ல. டிஎச்சி கிளப்பும் பதற்றத்தை இது தணிக்கிறது என்று 1982இலேயே பிரேசில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூளை தானே சுரக்கும் ஒரு பொருளுக்கு 1992இல் 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். நாம் சொல்லும் அதே ஆனந்தம்தான்! அது சீக்கிரம் சிதையாமல் கன்னாபிடியால் காக்கலாம், அதனால் பயந்த நினைவின் பிடி தளரலாம் என்பது ஒரு கருத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆதாரம்தான் மெலிவு. 2019இல் வந்த ஓர் ஆய்வில், உன்னைப் போல அதிர்ச்சியிலிருந்து மீளாத 11 பேர் இதை எட்டு வாரம் சாப்பிட்டார்கள். 10 பேருக்கு அறிகுறிகள் குறைந்தன. உடனே துள்ளாதே. வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை. வழக்கமான சிகிச்சையும் கூடவே நடந்தது. மேடைப் பேச்சுப் பயத்தை வைத்துச் செய்த சோதனையில் 300 மி.கி. உதவியது, 100உம் உதவவில்லை, 900உம் உதவவில்லை. நீ படம் அனுப்பிய புட்டியிலோ ஒரு வேளைக்கு 10 மி.கி.!

அதுவாவது உள்ளே இருக்குமா? 2017இல் இணையத்தில் விற்ற 84 சரக்குகளைச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 சரக்குகளில் டிஎச்சியே இருந்தது.

எனக்குப் பெரிய கவலை வேறு. கால் அறுவைக்குப் பிறகு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாய் அல்லவா? கன்னாபிடியால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவை ஏற்றிவிடக்கூடும். ரத்தக்கசிவில் போய் முடியும். டாக்டரிடம் கேட்காமல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

இங்கே மகள் கார் ஓட்டக் கற்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை நான் மிதிக்கிறேன். உன்னிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆலோசகர் அந்தச் சாலையைப் பற்றிப் பேசச் சொன்ன அன்றோடு போவதை நிறுத்திவிட்டாய். இதுவரை நன்றாக நிரூபணமானது அந்தச் சிகிச்சைதான், கசந்தாலும். மறுபடி போகும்போது நானும் வருகிறேன். வெளியே உட்கார்ந்திருப்பேன். தேதியை மட்டும் எழுது.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்