சிப்பிப் பண்ணை ஆய்வு: நண்பரின் நல்கை வரைவுக்கு ஒரு பதில் கடிதம்

அன்புள்ள செல்வம்,

பைகளில் சிப்பி வளர்க்கும் அடர்த்தியையும் நண்டுக் கூடையையும் ஆராய்வதற்கு நீ அனுப்பிய நல்கை (ஆய்வு நிதி) வரைவைப் பென்சிலும் கையுமாகப் படித்தேன். நிதி வழங்கும் குழு இதை ஏற்றுக்கொள்ளும் என்றுதான் தோன்றுகிறது. என் கவலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பணம் வந்துவிட்டால் எழுதியபடியே செய்தாக வேண்டும். எழுதியபடியே செய்தால், இரண்டாம் ஆண்டு முடிவில் உன்னிடம் எண்கள் குவிந்திருக்கும். ஆனால் "பையில் எத்தனை போடுவது, எப்போது பிரிப்பது?" என்று பண்ணைக்காரர் கேட்டால் பதில் இருக்காது.

முதலில் தலைப்பு. "சிப்பிக் குஞ்சுகளின் இறப்பைக் குறைத்தல்" என்கிறாய். எந்த வயதுக் குஞ்சு? பொரிப்பகத் தொட்டியில் சாகும் லார்வா வேறு, நாற்றங்கால் தொட்டியில் சாகும் 2 மில்லிமீட்டர் குஞ்சு வேறு, கோடையில் பண்ணை வரிசையில் வாய் திறந்து கிடக்கும் ஓராண்டுச் சிப்பி வேறு. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒரே நல்கையில் மூன்றையும் அடக்கப் பார்த்தால் ஒன்றும் உருப்படாது. நீ மூன்றாவதை மட்டும் வைத்துக்கொள். பொரிப்பகத்தைத் தொடத்தான் வேண்டும் என்றால் அதைத் தனி முன்மொழிவாக எழுது.

பொரிப்பகம் என்றதும் ஓரிகன் மாநிலத்து நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் நடந்தது நினைவுக்கு வருகிறது. 2007-இலிருந்து அங்கே விஸ்கி கிரீக் பொரிப்பகத்தில் லார்வாக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதல் சந்தேகம் விப்ரியோ பாக்டீரியா மேல். நீரைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள், சாவு நிற்கவில்லை. ஆழ்கடலிலிருந்து மேலெழும் நீரில் கரியமில வாயு மிகுதி, அந்த நீரில் ஓடு கட்ட லார்வாவால் முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆலன் பார்ட்டனும் பர்க் ஹேல்ஸ் முதலானோரும் அதை 2012-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கருவுற்ற முட்டை முதல் இரண்டு நாளில், தீனி எடுக்கத் தொடங்கும் முன்பே, முட்டையில் இருக்கும் சத்தை மட்டும் வைத்து முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அந்த ஓடு அரகோனைட் என்னும் ஒருவகைச் சுண்ணாம்புக் கனிமம். நீரில் அரகோனைட் உருவாவதற்கான நிறைவு நிலை குறைந்தால் ஓடு கட்டவே சக்தி கரைந்துபோகிறது. அடி விழுவது முதல் நாள், வளர்ச்சி குன்றுவது தெரிவதோ பல நாள் கழித்து. அதனால்தான் சாவு தெரிந்த நாளின் நீரைச் சோதித்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தீர்வு என்னவோ எளியது: சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்) கரைத்து நீரைச் சரிக்கட்டுவது, கடற்புல் பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை செய்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்ட பிறகு பிற்பகலில் நீரை ஏற்றுவது. காரணம் தெரிந்த பிறகு எளியது, அவ்வளவுதான்.

உன் வரைவில் காரணத்தைத் தேடும் பகுதி ஒரே வரி: "இறந்த சிப்பிகள் ஆய்வகத்துக்கு அனுப்பப்படும்." இறந்த சிப்பியில் என்ன இருக்கப்போகிறது? வெயில் நாளில் ஒரே இரவில் சதை அழுகிவிடும். உனக்கு வேண்டியது சாகப்போகும் சிப்பி, அதாவது தட்டினாலும் ஓட்டை மூடாதது. அதோடு அதே பையிலிருந்து நலமாகத் தெரியும் சிப்பிகளும் வேண்டும். திசு ஆய்வுக்கு, ஃபார்மலின் கலந்து திசுவைக் கெடாமல் காக்கும் டேவிட்சன் கரைசலில் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை வைத்து, பிறகு 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்று. மரபணுச் சோதனைக்கு ஒரு துண்டைத் தனியாக 95 விழுக்காடு எத்தனாலில் போட்டுவிடு. ஃபார்மலின் பட்ட திசுவிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும் தலைவலி. பெர்கின்சஸ் ஒட்டுண்ணிக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. செவுளும் மலக்குடலும் சேர்ந்த சிறு துண்டைத் தயோகிளைகோலேட் என்னும் வளர்ப்பு ஊடகத்தில் இட்டு இருட்டில் ஐந்திலிருந்து ஏழு நாள் வை. லூகால் அயோடின் விட்டால் ஒட்டுண்ணி கருநீல உருண்டையாகத் தெரியும்.

எத்தனை சிப்பி எடுப்பது என்பதையும் எழுதிவிடு. குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நோய் பத்தில் ஒரு சிப்பிக்கு இருந்தால், 30 சிப்பி எடுத்தால் குறைந்தது ஒன்றாவது சிக்க 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருபதில் ஒன்றுக்கு இருந்தால் 60 வேண்டும், ஐம்பதில் ஒன்றுக்கு இருந்தால் 150. சோதனை துல்லியமானது என்று எடுத்துக்கொண்ட கணக்கு இது. முப்பது எடுத்துவிட்டு "நோய் இல்லை" என்று எழுதாதே. "பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு" என்று எழுது.

அடுத்தது சோதனை அமைப்பு. வரைவில் என்னை மிகவும் உறுத்திய இடம் இதுதான். மூன்று அடர்த்தி வைத்திருக்கிறாய். ஒவ்வொரு அடர்த்திக்கும் ஒரு முழு வரிசை, வரிசைக்குப் பத்துப் பை. முப்பது பை என்பதால் ஒன்றையொன்று சாராத முப்பது சான்று என்று கணக்குப் போட்டுவிட்டாய். அது மூன்றுதான். ஒரு வரிசை கரைக்கு அருகில், இன்னொன்று ஓட்டம் மிகுந்த வாய்க்கால் ஓரத்தில் இருந்தால், அங்கே கிடைத்த வளர்ச்சி அடர்த்தியால் வந்ததா இடத்தால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலும் பிரித்துச் சொல்லாது. சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-லேயே இந்தப் போலிச் சான்று சிக்கலை விலாவாரியாக எழுதிவிட்டார். இன்றும் எல்லோரும் அதே குழியில் விழுகிறார்கள். காரணம் எளிது: ஒரே மாதிரிப் பைகளை ஒரே வரிசையில் தொங்கவிடுவது படகுக்காரருக்கு வசதி.

மாற்று இது. வரிசைகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் மூன்று அடர்த்தியும் இருக்கட்டும், பைகளின் இடத்தைச் சீட்டுக் குலுக்கிப் போடு. வரிசையின் இரு முனைப் பைகளுக்கு ஓட்டமும் தீனியும் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் முனையில் ஆய்வுக்கு வெளியே ஒரு பை கட்டிவிடு. ஒரு பையிலிருந்து 50 சிப்பி அளந்தால் அந்தப் பையின் சராசரி துல்லியமாகும், பையின் எண்ணிக்கை கூடாது. அளக்கும் நேரத்தை 25 சிப்பியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சமாகும் உழைப்பில் ஆறாவது வரிசை போடுவது நல்லது.

அடர்த்தி என்றால் என்ன என்பதையும் முடிவு செய். பைக்கு இத்தனை எண்ணிக்கையா, பை கொள்ளளவில் இத்தனை பங்கா? சிப்பி வளர வளர இரண்டும் விலகிப்போகும். நடுவில் பிரித்துப் போடுவார்கள் என்பதால் எந்த அளவு வந்தால் பிரிப்பது என்ற விதி தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை அளவில் ஒரு பைக்கு 150 முதல் 200 வரை என்பது பண்ணைகளில் வழக்கம். அதை நடு அடர்த்தியாக வைத்துக்கொண்டு மேலும் கீழும் போ. கண்ணி அளவையும் அப்படியே. 6 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் குஞ்சு 4 மில்லிமீட்டர் கண்ணிப் பைக்குப் போகும். அதற்கு மேல் சின்னக் கண்ணியிலேயே வைத்திருந்தால் பாசியும் கொட்டலசும் அடைத்து உள்ளே நீர் ஓடாது. அப்போது நீ அளப்பது அடர்த்தியின் விளைவை அல்ல, அடைப்பின் விளைவை. எனவே காயவைக்கும் முறையும் எல்லாப் பைக்கும் ஒன்றே. மிதவைக் கூண்டுகளை வாரம் ஒரு முறை புரட்டி ஒரு நாள் வெயிலில் விடுவது பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது. மிகச் சிறு குஞ்சுக்கு அந்த நேரத்தைக் குறைத்துக்கொள்.

தொடக்க எண்ணிக்கையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குஞ்சுகளைக் கையால் எண்ண முடியாது, அளவுக் குவளையால்தான் அளக்கிறார்கள். நீர் வடியும் நேரம் மாறினாலே குவளையில் எண்ணிக்கை மாறும். மூன்று குவளையாவது முழுதாக எண்ணி, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் பதிந்து வை. இல்லாவிட்டால் ஆண்டு முடிவில் சில பைகளில் இறப்பு எதிர்மறை எண்ணாக வரும். செத்தவை உயிர்த்தெழுந்த கணக்கு. இறப்பை எண்ணும்போது இரண்டு ஓடும் கீல் விடாமல் கிடப்பதை ஒரு பத்தியிலும், நொறுங்கியதை இன்னொரு பத்தியிலும் எழுது. நொறுங்கியது நண்டின் வேலை. மிகச் சிறிய ஓடுகள் கண்ணி வழியே விழுந்துவிடும், அதனால் உயிரோடு இருப்பதை எண்ணிக் கழிப்பதே பாதுகாப்பு.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெப்பமும் உவர்ப்பும் தொடர்ந்து பதியும் சிறு கருவி ஒவ்வொரு வரிசைக்கும் தேவை. பைகளைப் பிரிக்கும்போதே அதன் மேல் படிந்ததையும் துடைக்க வேண்டும். நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மட்டும் தனிக் கதை. நன்னீர்த் தாங்கல் கரைசலில் (பி.எச். தெரிந்த சரிபார்ப்புக் கரைசல்) சரிபார்த்த கண்ணாடி மின்முனையைக் கடல்நீரில் விட்டால் 0.1 அளவு பிசகுவது எளிது. 0.1 என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவில் ஏறத்தாழ 26 விழுக்காடு. நீ தேடும் மாற்றமே அந்த அளவுதான். மெட்டா-கிரெசால் ஊதா நிறமி கொண்டு நிறமாலைமானியில் அளப்பது நம்பகமானது. கூடவே காரத்தன்மைக்கு 250 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டியில் நீர் எடுத்து, நிறைவுற்ற மெர்குரிக் குளோரைடு 50 மைக்ரோலிட்டர் சேர்த்து மூடு. அது கொடிய நஞ்சு. அப்புறப்படுத்தும் செலவை வரவுசெலவில் எழுத மறந்தால் கடைசியில் ஆய்வகத்தார் உன் புட்டிகளை வாங்க மாட்டார்கள்.

நாட்காட்டிக்கு வருகிறேன். நல்கை அறிவிப்பு, ஒப்பந்தம், அனுமதி எல்லாம் முடிந்து பணம் கைக்கு வரும்போது முட்டையிடும் பருவம் போய்விடும். தாய்ச் சிப்பிகளைப் பக்குவப்படுத்தவே நான்கிலிருந்து எட்டு வாரம் வேண்டும், குஞ்சுக்கான முன்பதிவோ அதற்கும் முன்னே. எனவே முதல் ஆறு மாதத்தில் கடலில் குஞ்சு இறக்குவதாக எழுதாதே. அந்தக் காலத்தை வரிசை கட்டுவதற்கும், கருவி சரிபார்ப்பதற்கும், ஏற்கெனவே பண்ணையில் இருக்கும் சிப்பியின் நோய் நிலையைப் பார்ப்பதற்கும் ஒதுக்கு. வேறு நீர்நிலையிலிருந்து குஞ்சு கொண்டுவரும் எண்ணம் இருந்தால் நோய்ச் சான்றும் தனிமைப்படுத்தலும் இல்லாமல் தொடவே தொடாதே. பசிபிக் சிப்பிக் குஞ்சோடு சிப்பியைத் துளைத்துத் தின்னும் நத்தை ஜப்பானிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்குப் போனது. இன்றுவரை அதை ஒழிக்க முடியவில்லை.

மும்மடியச் சிப்பியை (இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதி கொண்டது) சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். கருவளத்துக்குச் சக்தியைச் செலவிடாததால் அது பருவத்திலும் வளரும், சதையும் குறையாது. ஆனால் சில கரைகளில் வசந்தமும் கோடையும் சேரும் காலத்தில் மும்மடியமே கூடுதலாகச் சாவதாகப் பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள். அது தனியாக ஆராய வேண்டிய கேள்வி. சேர்த்தால் ஒரே நாளில் பொரித்த இருமடியத்தையும் பக்கத்திலேயே வை. வெவ்வேறு பொரிப்பகத்துக் குஞ்சுகளை ஒப்பிட்டால் ஒப்பீடே செல்லாது.

"ஒரு சிப்பி நாளொன்றுக்கு 190 லிட்டர் நீரை வடிக்கும்" என்ற வரியை எடுத்துவிடு. அது மிகச் சாதகமான சூழலில் கிடைக்கும் உச்சம். கடலில் வெப்பமும் கலங்கலும் மாற மாற அதில் சிறு பங்குதான் கிடைக்கும். விவரம் தெரிந்தவர் குழுவில் இருந்தால் அந்த ஒரு வரியிலேயே நம்பிக்கை போய்விடும்.

நண்டுக் கூடையிலிருந்து சிறு நண்டு வெளியேற வைக்கும் தப்பிக்கும் வளையத்தைப் பற்றிய பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஒரு கயிற்றில் வளையம் உள்ள கூடையும் இல்லாத கூடையும் மாறி மாறி, எல்லாம் நீரில் கிடப்பது ஒரே நேர அளவு. சிறு நண்டு எவ்வளவு குறைந்தது என்பதோடு நில்லாமல், பிடிக்கத் தகுந்த அளவு நண்டு எவ்வளவு குறைந்தது என்பதையும் தனியாகக் காட்டு. மீனவர் கேட்கப்போவது அது ஒன்றைத்தான். கேரளத்து அஷ்டமுடிக் காயல் மட்டிப் பிடிப்பு 2014-இல் நிலைத்த மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்று பெற்றது உனக்குத் தெரியும். முட்டையிடும் மாதங்களில் மூடுகாலம், வலைக் கண்ணிக்கு 30 மில்லிமீட்டர் கீழ்வரம்பு என்று மட்டி பிடிப்பவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விதிகள் அங்கே இருந்தன. உன் நண்டுப் பகுதியின் முடிவும் அப்படி ஒற்றை அளவாக வெளியே வர வேண்டும்: வளையத்தின் விட்டம் இவ்வளவு, கூடையில் இந்த உயரத்தில்.

வரவுசெலவில் ஒன்றே ஒன்று. பண்ணைக்காரரின் நேரத்தை "பங்களிப்பு" என்று இலவசமாக எழுதியிருக்கிறாய். நம் பக்கத்துப் பங்கைக் காட்டும் இணைநிதிக் கணக்கில் அது அழகாகத் தெரியும். அறுவடை நெருக்கடியில் உன் பைகளைத்தான் முதலில் கைவிடுவார்கள். நாள் கூலி எழுது. அதிக அடர்த்திப் பைகளில் சிப்பி செத்தால் அந்த இழப்பை யார் ஏற்பது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று அவர்களையே குறிக்கச் சொல். பைக்கு அதிகச் சிப்பி போட்டு வளர்ச்சி சற்றுக் குறைந்தாலும் வேலை மிச்சமானால் அவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கணக்கு இல்லாமல் வளர்ச்சி வரைபடம் மட்டும் அவர்களுக்குப் பயன்படாது.

வரிசை அமைப்பைத் திருத்தி ஒரு படம் போட்டு அனுப்பு. குலுக்கல் பட்டியலையும் சேர்த்தே அனுப்பு, புள்ளியியல் பத்தியை அதை வைத்து நான் எழுதித் தருகிறேன். திசு ஆய்வுக்கு எந்த ஆய்வகம், மாதத்துக்கு எத்தனை மாதிரி வாங்குவார்கள் என்பதை நீ இப்போதே கேட்டு வைத்துக்கொள். கோடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள்.

அன்புடன்,
மாறன்