ஒளிரும் நாக் இரவு வேட்டைக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க வில் வேட்டை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'ஒளிரும் நாக் பொருத்தினால் இருட்டிலும் மானைக் குறிவைக்கலாம்' என்றொரு வரி. பொதுவான பயணக் கட்டுரை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். 'வழிகாட்டி' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறீர்கள்.

அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் துண்டுதான் நாக் (nock). ஒளிரும் வகையின் உள்ளே ஊசி போன்ற லித்தியம் பேட்டரியும் ஒரு எல்இடியும் இருக்கும். நாண் உதைத்துத் தள்ளும்போதுதான் அது எரியும். அம்பு கிளம்பியபின் எரியும் விளக்கு குறிவைக்க எப்படி உதவும்? மிச்சிகன் உட்படப் பல மாநிலங்களில் சூரியன் மறைந்து அரை மணிக்குப் பின் மானை எய்வதே குற்றம். உங்கள் வரியை நம்பிப் போகிறவர் அபராதம் கட்டுவார்.

அந்தி மங்கலில் அம்பு எங்கே தைத்தது என்று காண்பதற்கும், ஊடுருவிப் போன அம்பைத் தேடி எடுப்பதற்கும்தான் இந்த ஒளி. எங்கே பட்டது, எவ்வளவு நேரம் பொறுத்துத் தேடப் போவது என்பதை அந்த அம்பே சொல்லும். அம்பில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் நுரையீரல். அரை மணி பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், 4 மணி நேரமாவது. பச்சைக் கசடும் நாற்றமும் என்றால் குடல், 8 முதல் 12 மணி நேரம். தெரியாமல் உடனே துரத்தினால் அடிபட்ட மான் எங்கோ போய்ச் சாகும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஒளிரும் நாக்கின் எடையையும் '25 கிராம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது கிரெயின், ஐயா; அம்பை எடைபோடும் சிற்றலகு. 25 கிரெயின் என்பது 1.6 கிராம். 25 கிராம் என்றால் கிட்டத்தட்ட ஒரு முழு அம்பின் எடை. உங்கள் பக்கங்களில் கிரெயின் கிராமாவது இது முதல்முறை அல்ல. முன்பும் எழுதினேன், பதில் இல்லை.

அந்தச் சிறு எடையே போதும் கெடுக்க. சாதாரண நாக் சுமார் 10 கிரெயின். 28 அங்குலம், 400 கிரெயின் உள்ள அம்பின் வாலில் 15 கிரெயின் கூடினால் சமநிலைப் புள்ளி அரை அங்குலத்துக்கும் மேல் பின்வாங்கும். முன்பாரம், அதாவது சமநிலைப் புள்ளி அம்பின் நடுவிலிருந்து முன்னே தள்ளியிருக்கும் தூரம், அம்பின் நீளத்தில் 12 சதவீதம் இருந்தது 10-க்குக் கீழே போய்விடும். 100 கிரெயின் முனைக்குப் பதில் 125 போட்டால் சரியாகும். ஆனால் தண்டு கூடுதலாக வளையும், எய்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பயிற்சிக்குச் சாதாரண நாக், வேட்டைக்கு ஒளிரும் நாக் என்று மாற்றுபவர்களுக்கு அம்பு விழும் இடமே மாறும். என் அம்புகளில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அளவும் முக்கியம். 0.204 அங்குல உள்விட்டமுள்ள அம்புத் தண்டுக்கு எக்ஸ் என்ற அளவு நாக், 0.166-க்கு ஜி. தளர்ந்தால் நாக் கழன்று தொலையும். நாணில் மிக இறுக்கமாக உட்கார்ந்தால் மாட்டும்போதே விளக்கு எரிந்துவிடும். விரிசல் விட்டதைத் தூக்கி எறிய வேண்டும். எய்யும்போது உடைந்தால் அம்பில்லாமல் வெற்று நாண் அடித்து வில்லே நொறுங்கலாம்.

ஒளிரும் நாக்குகளுக்கு 'எப்போதும் அனுமதி உண்டு' என்று கட்டுரை சொல்வதும் பிழை. வில் வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்யும் போப் அண்ட் யங் கிளப்பே 2014-இல்தான் இவற்றை ஏற்கும்படி தன் பதிவேட்டு விதியைத் திருத்தியது. மாநில விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: இருட்டில் எய்யலாம் என்பது தவறு, கிராம் அல்ல கிரெயின். அதுவே போதும்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்,
மிச்சிகன்